பெண்கள் விடுதிக்கு மட்டும் ஆறரை மணிப் பூட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே கல்லூரி, ஒரே கட்டணம், ஒரே தேர்வு. ஆனால் மாலை ஆறரைக்குப் பெண்கள் விடுதியில் ரோல் கால் முடிந்துவிடும். ஆண்கள் விடுதி கேட்டில் பத்து மணிக்கும் வாட்ச்மேன் தலையாட்டி உள்ளே விடுவார். சென்னையில் படிக்கும் பல மாணவிகளுக்கு இது பழகிப்போன காட்சி. இதை மாற்ற முடியுமா, எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

பெண்களுக்கு மட்டும் முன்னதாகக் கதவடைப்பது சட்டப்படி செல்லுமா?

விடுதிக்கு நேர ஒழுங்கு வைக்கும் அதிகாரம் நிர்வாகத்துக்கு உண்டு. பாலினத்தைப் பார்த்து வேறு வேறு நேரம் வைக்கும் அதிகாரம் கிடையாது. அரசியலமைப்பின் 14ஆவது பிரிவு சமத்துவத்தையும், 15(1) பாலினத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்பதையும் சொல்கின்றன.

இவற்றைவிட நேரடியாகக் கைகொடுப்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறை. உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் 2016 மே மாதம் அரசிதழில் வெளியாயின. மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத பாரபட்சமான விதிகளைப் பெண்கள் விடுதியில் வைக்கக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. வளாகப் பாதுகாப்பு என்ற பெயரில் கண்காணிப்பும் நடமாட்டத் தடையும் பெருகக் கூடாது என்றும் இருக்கிறது. பல வார்டன்கள் இதைப் படித்ததே இல்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அந்த வரிகளை மட்டும் அடிக்கோடிட்டு மனுவோடு இணைத்துவிடுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

"உங்க பாதுகாப்புக்குத்தானேம்மா" என்று சொல்கிறார்களே, அதற்கு என்ன பதில்?

அந்த அக்கறையைக் கேலி செய்யாதீர்கள். பல வார்டன்கள் அதை மனதாரச் சொல்கிறார்கள். ஏதாவது நடந்தால் பழி தங்கள் தலையில் விழும் என்ற பயமும் அவர்களுக்கு உண்மையிலேயே இருக்கிறது. பதிலை மூன்று பக்கத்திலிருந்து சொல்லலாம்.

முதலாவது, சட்டம். 2007இல் அனுஜ் கர்க் வழக்கில், மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யத் தடை விதித்த பஞ்சாப் கலால் சட்டப் பிரிவு செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெண்ணின் சுதந்திரத்தைச் சுருக்குவதற்குப் பதிலாக அவள் பாதுகாப்பாக நடமாடும் சூழலை உண்டாக்குவதுதான் அரசின் வேலை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு ஏழு வருடம் முன்பே, 2000இல், வசந்தா வழக்கில், தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு வேலை பார்க்கத் தடை விதித்த தொழிற்சாலைகள் சட்டப் பிரிவு செல்லாது என்று சொல்லிவிட்டது. இரவு ஷிஃப்டுக்குப் போக உரிமையுள்ள வயதில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு நூலகத்திலிருந்து எட்டு மணிக்குத் திரும்ப உரிமை இல்லையா என்று நிர்வாகத்திடம் கேட்கலாம். பெண்களுக்காகச் சிறப்பு ஏற்பாடு செய்ய 15(3) அனுமதிக்கிறதே என்று பதில் வரலாம். அந்தப் பிரிவு பெண்களுக்கு நன்மை சேர்ப்பதற்காக இருப்பது. ஆணுக்குத் திறந்திருக்கும் கதவைப் பெண்ணுக்கு மட்டும் சாத்துவதில் நன்மை என்ன என்று நிர்வாகம்தான் விளக்க வேண்டும்.

இரண்டாவது, பூட்டால் உண்டாகும் ஆபத்து. பீச் லைனில் மின்சார ரயில் நின்றுபோய் ஆறு நாற்பதுக்கு வரும் பெண், "ஏன் லேட்?" என்ற விசாரணைக்கும் வீட்டுக்குப் போகும் போனுக்கும் பயந்து விடுதிக்கே வராமல் தோழியின் அறையில் தங்குகிறாள். அவள் எங்கே இருக்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது. தாமதமாக வந்தாலும் கேள்வியில்லாமல் உள்ளே விடும் விடுதியில் இருக்கும் பெண்தான் நேராக விடுதிக்கு வருவாள்.

மூன்றாவது, தீ. வெளியேறும் கதவுகளைச் சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நிபந்தனை. இரவு கிரில் கேட்டைப் பூட்டிச் சாவியை வார்டன் அறையில் வைக்கும் விடுதி அதை மீறுகிறது. நள்ளிரவில் ஒரு மாணவிக்கு வலிப்பு வந்து 108க்குப் போன் செய்தால், சாவி யாரிடம், அவர் எந்த மாடியில் என்ற கேள்வியில் எத்தனை நிமிடம் போகும் என்று எழுத்தில் கேளுங்கள். சமத்துவ வாதத்துக்கு அசையாத நிர்வாகம்கூட இந்தக் கேள்விக்கு அசையும்.

சேரும்போதே "விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன்" என்று நானும் அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டோமே?

அடிப்படை உரிமையை ஒருவர் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்று 1958இல் பஷேஷர் நாத் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்த உறுதிமொழி உங்கள் வாயைக் கட்டாது. விதி மாறும்வரை அதை மீறினால் அபராதமோ நோட்டீஸோ வரலாம் என்பதும் உண்மை. எதிர்த்து மனு கொடுக்கும் காலத்தில் நேரம் தவறாமல் உள்ளே இருங்கள். "ஒழுக்கமில்லாதவர்கள் கேட்கிறார்கள்" என்று சொல்லும் வாய்ப்பை அவர்களுக்குத் தர வேண்டாம்.

முதலில் எதைச் சேகரிக்க வேண்டும்?

விதி எழுத்தில் எங்கே இருக்கிறது என்பதை. விடுதிக் கையேடு, சேர்க்கைப் படிவம், நோட்டீஸ் போர்டு, வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பு என எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். பல இடங்களில் கையேட்டில் இரு விடுதிக்கும் ஒரே நேரம்தான் இருக்கும். ஆண்கள் விடுதியில் அது நடைமுறையில் இருக்காது, அவ்வளவுதான். அப்படியென்றால் பாகுபாடு விதியில் இல்லை, அமலில் இருக்கிறது. அதை நிரூபிக்கும் வழியும் வேறு. ஆண்கள் விடுதியில் ரோல் கால் எடுக்கிறார்களா, லேட் என்ட்ரி ரிஜிஸ்டர் உண்டா, அபராதம் எத்தனை பேரிடம் வாங்கினார்கள், அவுட்பாஸுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறார்களா என்று ஆண்கள் விடுதி நண்பர்களிடம் எழுதி வாங்குங்கள். கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் போதும்.

அடுத்தது, இழப்புக் கணக்கு. இதை யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை, ஆனால் மனுவுக்கு உயிர் கொடுப்பது இதுதான். இரண்டு வாரம், நாள்தோறும், யார் எதை இழந்தார்கள் என்று குறியுங்கள்: ஆய்வகக் கருவி ஏழு மணிக்குத்தான் காலியாகும் என்பதால் விடப்பட்ட சோதனை, எட்டு மணி வரை திறந்திருக்கும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலிருந்து ஐந்தரைக்கே கிளம்பியது, கைவிட்ட பகுதிநேர வேலை, பாதியில் எழுந்து வந்த நேர்முகத் தேர்வு ஒத்திகை. தேதி, நேரம், துறை, எத்தனை மணி நேரம் என நான்கு கட்டம் போட்ட நோட்டு போதும். "எங்களுக்குச் சுதந்திரம் வேண்டும்" என்ற வரியைத் தள்ளிவிடும் டீன், "முதுநிலை வேதியியல் மாணவிகள் பதினான்கு நாளில் இத்தனை மணி நேர ஆய்வக வேலையை இழந்தார்கள்" என்ற வரியை அப்படித் தள்ள முடியாது.

இன்னொரு புதையலும் உண்டு. நாக் (கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் தேசிய அமைப்பு) தரமதிப்பீட்டுக்காகக் கல்லூரி தன் இணையதளத்தில் வெளியிட்ட சுயமதிப்பீட்டு அறிக்கையில், பாலினச் சமத்துவத்துக்கு என்ன செய்தோம் என்று ஒரு பகுதி இருக்கும். ஏழாவது அளவுகோலில் தேடுங்கள். அங்கே அவர்களே எழுதியதை அப்படியே மேற்கோள் காட்டி, விடுதி விதியைப் பக்கத்தில் வையுங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் இங்கே உதவுமா?

அரசுக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் நேராகவே மனுச் செய்யலாம். மாநில நிறுவனத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஐஐடி போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஆன்லைனில் போடலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ பதில் அரைகுறையாக இருந்தாலோ முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலனில்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

சுயநிதிக் கல்லூரியிடம் நேராகக் கேட்டால் "நாங்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டோம்" என்று திருப்பி அனுப்பக்கூடும். அங்கே சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் என்று இணைப்பு தந்த பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள்: இந்தக் கல்லூரியின் விடுதி பற்றி உங்களிடம் உள்ள ஆய்வு அறிக்கை, விடுதி விதிகளின் நகல், மேலே சொன்ன விதிமுறைகளை இணைப்புக் கல்லூரிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை.

கேள்வியை "ஏன்" என்று தொடங்காதீர்கள். காரணம் சொல்லும் கடமை தகவல் அலுவலருக்கு இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். பெயர்களையும் கேட்காதீர்கள், தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள். எண்ணிக்கையைக் கேளுங்கள்: கடந்த இரு கல்வியாண்டில் ஆண்கள் விடுதியிலும் பெண்கள் விடுதியிலும் தனித்தனியே தாமத நுழைவுக்காக அபராதம் விதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், வசூலான தொகை எவ்வளவு, நேரத்தை நிர்ணயித்த கூட்டத்தின் தீர்மான நகல். அந்தத் தீர்மானம் பல இடங்களில் இருக்கவே இருக்காது. "அப்படி ஆவணம் இல்லை" என்று எழுத்தில் வரும் பதில்தான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல ஆதாரம்.

மனுவில் சரியாக என்ன கேட்க வேண்டும்?

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். "ஆண்களுக்கு இருப்பதுபோல எங்களுக்கும்" என்று மட்டும் கேட்டால், ஆண்கள் விடுதியையும் ஆறரைக்குப் பூட்டிவிட்டு "இப்போது சமம்தானே" என்று சொல்ல வழி திறந்துவிடுகிறது. இது கற்பனை இல்லை. 2022இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் ஒன்பதரை மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். பெண்களை மட்டும் ஏன் பூட்ட வேண்டும் என்று நீதிபதி தேவன் ராமச்சந்திரன் கடுமையாகக் கேட்டார். அந்த டிசம்பரில் வந்த அரசாணை, மருத்துவக் கல்லூரிகளில் ஆண், பெண் இரு விடுதிகளுமே ஒன்பதரைக்கு மூடும் என்றது. முதலாண்டு தாண்டியவர்கள் அதன்பின் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே வரலாம் என்றது. பாகுபாடு போனது, நேரம் அப்படியே நின்றது. பதிவேடு என்ற அந்த வாசல் கிடைத்ததுதான் மாணவிகளுக்கு மிஞ்சிய பெரிய லாபம்.

ஆகவே சமத்துவத்தோடு சேர்த்து, வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பரிந்துரை இது:

1. இரு விடுதிகளுக்கும் ஒரே எழுத்து விதி. இப்போது எவருக்கும் இருக்கும் நேரத்தைக் குறைக்கக் கூடாது என்ற வரி அதிலேயே இருக்க வேண்டும்.
2. அந்த நேரத்துக்குப் பின் வருபவர் பெயர், நேரம் எழுதி உள்ளே வரலாம். காரணம், அபராதம், வீட்டுக்குப் போன் எதுவும் வேண்டாம்.
3. ஆய்வகம், நூலகம், வளாக வேலைவாய்ப்புத் தேர்வு நாட்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. வளாகத்துக்குள் இருப்பதை "வெளியே" என்று கணக்கிடக் கூடாது.
4. 18 வயது நிறைந்தவரின் அவுட்பாஸுக்குப் பெற்றோர் கையெழுத்து தேவையில்லை.
5. இரவு முழுதும் கேட்டில் ஆள், உள்ளிருந்து திறக்கும் கதவு, மெயின் கேட்டிலிருந்து விடுதிவரை விளக்கு.

"செலவாகும்" என்பதுதான் வரப்போகும் மறுப்பு. ஆண்கள் விடுதியில் இரவுக் காவலர் ஏற்கெனவே இருக்கிறார் என்பதைக் காட்டுங்கள். வெளித் தெருவில் விளக்கு எரியவில்லையென்றால் மாநகராட்சியின் 1913இல் புகார் பதிந்து, அந்த எண்ணையும் மனுவில் சேருங்கள். பாதுகாப்பில் அக்கறை காட்டுவது நீங்கள்தான் என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும்.

முழு நேரமும் திறந்திருக்கும் விடுதி நடைமுறையில் சாத்தியமா என்று கேட்டால், சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழக மாணவிகள் 2018இல் 48 நாள் போராடி அதைப் பெற்றிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

மனுவை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

வார்டனுக்கு முகவரியிட்டு, தலைமை வார்டன், மாணவர் நல டீன், முதல்வர் அல்லது பதிவாளருக்கு நகல். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கையெழுத்துகள் அகர வரிசையில் இருக்கட்டும். முதலில் கையெழுத்திட்டவர்தான் "தூண்டிவிட்டவர்" என்று பிடித்துக்கொள்வது வழக்கம். அலுவலகத்தில் கொடுக்கும்போது உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்ட், கூடவே மின்னஞ்சல். கூட்டத்துக்கு அழைத்து, "பார்க்கிறோம்மா, செய்கிறோம்" என்று வாயால் சொல்லி அனுப்புவார்கள். அன்றிரவே, "இன்று நடந்த கூட்டத்தில் இவை பேசப்பட்டன, இவை ஒப்புக்கொள்ளப்பட்டன" என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவே பதிவாக நிற்கும்.

பதிலே இல்லை. அடுத்து?

மாணவர் குறைதீர்க் குழு. மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் அது இருக்க வேண்டும். பெண்கள் என்பதால் நடக்கும் பாகுபாடும் "குறை" என்ற வரையறைக்குள் வருகிறது. மனுவின் முதல் வரியிலேயே அதைக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் "இது விடுதி நிர்வாக விஷயம்" என்று தள்ளுவார்கள். குழு 15 வேலை நாளில் பரிந்துரை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால், முடிவு கிடைத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. இந்தப் பதினைந்து நாளைத் தவறவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் இழப்பு. செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது முடிவைக் கையில் கொடுப்பார்கள், தேர்வு முடிந்து பார்த்தால் நாள் போயிருக்கும். மேல்முறையீட்டின் வரைவை முடிவு வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். மாநில மகளிர் ஆணையத்துக்கும் இதே கட்டத்தில் ஒரு நகல் அனுப்பலாம்.

வீட்டுக்குப் போன் செய்து "உங்க பொண்ணு ராத்திரி சுத்தணும்னு கேக்குறா" என்று சொல்லிவிட்டார்கள்.

பல போராட்டங்கள் இந்த ஒரே போனில் முடிந்துபோகின்றன. ஆகவே மனு கொடுப்பதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். அம்மாவிடம் சமத்துவம், அரசியலமைப்பு என்று தொடங்குவதைவிட, பூட்டிய கிரில், தீ, இரவில் ஆஸ்பத்திரி, இழந்த ஆய்வக நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். முடிந்தால் சில பெற்றோரிடம், "என் மகள் கேட்பது எனக்குத் தெரியும், ஒப்புதல் உண்டு" என்று இரண்டு வரி எழுதி வாங்கி மனுவில் இணையுங்கள். ஐந்து பெற்றோர் கடிதம் இருந்தால் "பெற்றோர்தான் கேட்கிறார்கள்" என்ற நிர்வாகத்தின் வாதம் நிற்காது. எல்லா வீட்டிலும் இது நடக்காது என்பது தெரியும். வீட்டில் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்ற நிலையில் இருக்கும் தோழியைக் கையெழுத்துப் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தகவல் திரட்டும் வேலையை அவள் செய்யலாம்.

நோட்டீஸ், சஸ்பென்ஷன், விடுதியிலிருந்து வெளியேற்றம் என்று மிரட்டினால்?

குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள். விளக்கம் தர நாள் கேளுங்கள். விசாரிக்காமல் தண்டித்தால் அந்த உத்தரவு இயற்கை நீதிக்கு விரோதமானது, நீதிமன்றத்தில் நிற்பது கடினம். அறைக்குள் உட்காரவைத்து மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்வார்கள், எழுதாதீர்கள். அது பிற்பாடு உங்கள் ஒப்புதல் வாக்குமூலமாக வரும். "படித்துப் பார்த்துவிட்டு நாளை பதில் தருகிறேன், மேடம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

"இந்த நேரத்துல எவன்கூட சுத்திட்டு வர்றே" என்பது போன்ற பேச்சு, உடையைப் பற்றிய பேச்சு, பாலியல் சாயல் கொண்ட வசை இருந்தால் அது தனி விஷயம். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். அதை நேர விதி மனுவோடு கலக்காதீர்கள், இரண்டும் பலவீனமாகும்.

உயர் நீதிமன்றத்துக்கு எப்போது போகலாம்? செலவு?

மனு கொடுத்து, பதில் இல்லாமலோ மறுப்போடோ போன பிறகு. அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு, அதாவது நிர்வாகத்துக்கு உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தைக் கேட்கும் மனு. அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம், ஐஐடி என்றால் நேரடி வழக்கு. உதவிபெறும் கல்லூரி மீதும் ரிட் செல்லும் என்பதற்கு 1989ஆம் ஆண்டின் ஆண்டி முக்தா தீர்ப்பு இருக்கிறது. சுயநிதி நிறுவனத்தில் கடினம் கூடும். அங்கே மானியக் குழுவையும் இணைப்புப் பல்கலைக்கழகத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து, விதிமுறையை அமல்படுத்தச் சொல்லிக் கேட்பது நல்லது.

ஒன்றை எதிர்பார்த்துப் போங்கள். முதல் நாளிலேயே, "மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி உத்தரவு போடுக" என்று வழக்கு முடிந்துவிடலாம். அது தோல்வி இல்லை. நிர்வாகம் காரணத்தோடு எழுதியாக வேண்டும், அந்தக் காரணத்தை எதிர்த்து மறுபடி வரலாம். நீதிபதி பரிசீலிக்கச் சொல்வது நீங்கள் கொடுத்த அதே இரண்டு பக்கத்தைத்தான் என்பதால், அதை அவசரமாக எழுதியிருந்தால் இங்கே வலிக்கும். விடுதி ஒழுங்கில் நீதிமன்றங்கள் எளிதில் தலையிடுவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். நேரத்தைப் பற்றி வாதிடுவதைவிட ஆண், பெண் வேறுபாட்டைப் பற்றி வாதிடுவதே பலம். 2019இல் திருச்சூர் கேரள வர்மா கல்லூரி விடுதி வழக்கில், முதல் காட்சி, இரண்டாம் காட்சிப் படத்துக்குப் போகக் கூடாது என்ற விதியைக் கேரள உயர் நீதிமன்றம் நீக்கியபோது, ஆண்கள் விடுதியில் அப்படி ஒரு தடை இல்லாததைச் சுட்டிக்காட்டியது. கேரளத் தீர்ப்பு சென்னையைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம்.

வழக்கறிஞர் கட்டணம் பற்றிக் கவலைப்பட்டுப் பின்வாங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100க்கு அழைக்கலாம், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம்.

வேளச்சேரி, தரமணிப் பக்கம் தனியார் லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. அங்கே உங்களுக்கும் உரிமையாளருக்கும் இருப்பது ஒப்பந்தம். 2014ஆம் ஆண்டு தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள். நேரம், தாமத நுழைவு, அட்வான்ஸ் திரும்பத் தரும் நாள் மூன்றையும் ரசீதின் பின்பக்கத்திலாவது எழுதி வாங்குங்கள். கல்லூரியே வாடகைக்கு எடுத்து நடத்தும் வெளி விடுதி என்றால் கதை வேறு. மேலே சொன்ன எல்லாம் அதற்கும் உண்டு.

எனக்கு இன்னும் 18 ஆகவில்லை.

பெற்றோர் ஒப்புதல் கேட்பது உங்கள் விஷயத்தில் நியாயம். ஆனால் அதே வயது ஆணிடமும் கேட்க வேண்டும்.

சாலையில் உட்கார்ந்து போராடலாமா?

வளாகத்துக்கு வெளியே என்றால் சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவுப்படி முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் உட்கார்ந்து வழக்கு வாங்கினால், பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் காவல்துறை சரிபார்ப்பு வரும்போது தொல்லை. விடுதி வாசலுக்கு உட்புறம், பூட்டும் நேரத்தில், அமைதியாகப் புத்தகம் படித்துக்கொண்டு உட்காருவது போதிய அழுத்தம் தரும்.

விதி மாறிவிட்டது. இனி என்ன பார்க்க வேண்டும்?

சுற்றறிக்கை எண்ணும் தேதியும் உள்ள உத்தரவாக வந்ததா, அடுத்த ஆண்டுக் கையேட்டில் ஏறியதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஜூனில் புது வார்டன் வந்ததும் பழைய நேரம் திரும்பிவிடும். தாமதப் பதிவேட்டில் "காரணம்" என்று ஒரு கட்டம் புதிதாக முளைத்திருக்கிறதா, பயோமெட்ரிக் விரல் வைத்ததும் வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகிறதா, ஆண்கள் விடுதியிலும் அதே கருவி இருக்கிறதா என்பதை முதல் மாதத்திலேயே சரிபாருங்கள். சுற்றறிக்கை, மனு, தகவல் உரிமைப் பதில்கள், நீங்கள் போட்ட இழப்புக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, படிப்பு முடித்துப் போகும்போது இரண்டாமாண்டு மாணவிகள் இருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.